முதல் இசைத்தட்டு தகப்பன் பெயரில்

மாதங்கி மாயா அருள்பிரகாசம் என்ற பெயரை எமது வாசகியரில் அநேகர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். எம்.ஐ.ஏ. என்று சொன்னால் உங்கள் வீட்டில் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் தலை நிமிர்ந்து பார்க்கக்கூடும். உலகம் அறிந்த பொப்பிசைப் பாடகி. 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இடையில் சிறிது காலம் சென்னையில் இருந்து, 1986 இல் தாயோடும் தமக்கையோடும் தம்பியோடும் அகதியாக மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தவர்.

அவரைப் பற்றிய 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' என்ற விவரணப் படம் 2018 ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, நடுவர் குழுவின் விசேட விருதையும் பெற்றது. இயக்கியவர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். லண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் மாயாவோடு படித்த நண்பர். மாயா இளம் வயதிலிருந்தே தன்னையும் வீட்டாரையும் ஊரையும் கமெராவில் பிடித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சுமார் 700 மணித்தியால வீடியோ. அதையெல்லாம் நண்பர் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வெட்டி ஒட்டியதுதான் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலப் படம். முடிந்த படத்தை மாயா முதன்முதலாகப் பார்த்ததே சன்டான்ஸில் சனத்தோடு சனமாக இருந்துதான். பாட்டுக்காரியைப் பற்றிய படத்தில் பாட்டுக் குறைந்து போயிற்று என்று அவருக்கு மனக்குறை.

இந்தப் படத்தை மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில், மாதாந்தச் சேமிப்புக் கூட்டம் முடிந்த ஒரு பின்னேரம், பெண்களோடு இருந்து பார்த்தேன். லண்டனிலிருந்து வந்த நண்பி ஒருத்தி இறுவட்டைத் தந்துவிட்டுப் போயிருந்தாள். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுவரில் கட்டி, இரவல் புறொஜெக்டரில் போட்டோம். கருவாடு அள்ளி வைத்துவிட்டு வந்தவர்கள், பனையோலைப் பெட்டி இழைத்தபடியே பார்த்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெட்டைகள் என்று ஒரு இருபத்தைந்து பேர். ஆங்கிலம் வரும் இடங்களில் நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். யாழ்ப்பாணத்து உறவினர் பேசும் இடங்களில் எனக்கு வேலை இருக்கவில்லை. வெள்ளைக்காரர் கீழே எழுத்து வாசித்து விளங்கிக்கொள்ளும் அந்தக் கட்டங்களில் எங்கள் ஆச்சிமார் ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பொப்பிசை என்றால் கலியாண வீட்டு ஒலிபெருக்கிதான் ஞாபகம் வரும். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ.மனோகரன், 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம். மனோகரன் காலமானதும் 2018 ஜனவரியில்தான், இந்தப் படம் சன்டான்ஸில் ஓடிய அதே மாதம். அந்தப் பாட்டுகளில் பெண் எப்போதும் பாடப்படுகிறவள். பாடுகிறவள் அல்ல. ஆகையால் 'பொப் பாடகி' என்றதும் பெரியவர்கள் சிலர் அரைமனதோடுதான் உட்கார்ந்தார்கள்.

முதலில் அவர்கள் கேட்டது பெயரைப் பற்றி. எம்.ஐ.ஏ. என்றால் ஆங்கிலத்தில் போர்க்களத்தில் காணாமற் போனவர்களுக்கு இராணுவங்கள் இடும் குறிப்பு. அதையே அவர் தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். லண்டனில் அவர் வாழ்ந்த பகுதி ஒன்றின் பெயரோடு ஒலி ஒத்துப்போவதால் அதில் ஒரு சிலேடையும் இருக்கிறது. இதை நான் விளக்கியதும் கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. மகனைத் தேடித் திரியும் ஒரு தாய், ஆணைக்குழுக்கள் எல்லாவற்றிலும் சாட்சி சொன்னவர், மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பிள்ளைக்கு அது பேர். எங்களுக்கு அது பைல் நம்பர்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான் சொன்னார்.

கதை இதுதான். மாயாவின் தகப்பன் அருள்பிரகாசம், அருளர் என்று அறியப்பட்டவர். 1975 இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். 1977 இனவன்முறைக்குப் பின் கப்பலில் வடக்கே வந்த அகதிகளைப் பற்றி 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவரே. மனைவி பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு இயக்க வேலையாகத் திரிந்தார். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளுக்கு அவரை 'மாமா' என்றே அறிமுகப்படுத்தினார்கள் என்று மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாய் கலா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய், தெற்கு லண்டன் மிச்சம் பகுதியின் அரசாங்கத் தொடர்மாடி வீடொன்றில் குடியேறினார். சுற்றிவர வெள்ளையர். நிறவெறி வேறு. வீட்டு ரேடியோவையும் யாரோ களவெடுத்துக்கொண்டு போக, பக்கத்து வீட்டுப் பெடியன் போடும் ஹிப்ஹொப் பாட்டைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டுத்தான் அந்த இசை தனக்குப் பழகியது என்பார் மாயா. ரேடியோ களவு போனதால் ஒரு பாடகி உருவானாள் என்று பெட்டைகள் சிரித்தார்கள். ரேடியோ வாங்கக் காசு உழைத்தது யார் என்று ஒரு மாமி கேட்டார்.

அங்கேதான் கூட்டத்தின் கண் திரும்பியது. அதன்பிறகு அவர்கள் பாடகியைப் பார்க்கவில்லை. தாயைத் தேடினார்கள். படத்தில் கலா அதிக நேரம் வருவதில்லை. வரும் இடங்களில் எல்லாம் "அந்தா தாய்", "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ மிஸ், முகத்தைப் பார்ப்பம்" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

மாயாவின் முதல் இசைத்தட்டு 2005 இல் வந்தது. பெயர் 'அருளர்'. இரண்டாவது 2007 இல். பெயர் 'கலா'. தகப்பன் எங்கேயோ இருந்து தன் பெயரைக் கண்டு தொடர்பு கொள்ளட்டும் என்று நினைத்தே முதலாவதற்கு அந்தப் பெயரை வைத்ததாக மகள் சொல்லியிருக்கிறார். அவர் தொடர்பு கொண்டுமிருக்கிறார். பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை.

இதை நான் சொன்னதுதான் தாமதம், படம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர்கள் நிறுத்தினார்கள்.

"என்ன மிஸ் இது? பக்கத்தில இருந்து வளர்த்தது தாய். பேர் தகப்பனுக்கோ முதல்?"

"இருக்கிற தாயைத் தேட வேண்டாம்தானே. இல்லாதவரைத்தான் பிள்ளை தேடும்."

"தேடட்டும். ஆனால் தேடிப் பாட்டாகப் போடுறதுக்குப் பள்ளிக்கூடம் அனுப்பினது ஆர்?"

இரண்டாவதாகப் பேசியவர் சும்மா பேசவில்லை. அவருடைய மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. தகப்பன் 2009 இல் காணாமற் போனபோது கைக்குழந்தை. அந்தப் பிள்ளை பாடசாலைப் படிவங்களில் தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று எழுதுகிறது என்று தாய் என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு வருடம் கடற்றொழில். ஒரு வருடம் வெளிநாடு. ஒரு வருடம் ஒரு கோடு மட்டும்.

சமூகவியல் படித்த காலத்தில் 'பெண் தலைமை தாங்கும் குடும்பம்' என்று ஒரே சொல்லில் எழுதிப் பழகினோம். களத்தில் வந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. கணவன் செல்லடியில் இறந்தவள் ஒரு படி. அவளுக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு, கோயிலில் பூசை உண்டு, பொட்டா வெள்ளையா என்பது முடிவான விடயம். காணாமற் போனவரின் மனைவி இன்னொரு படி. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்க வழி செய்தார்கள். எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் கையெழுத்திட்டால் தேடுவதை விட்டதாகிவிடும் என்று எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் கீழே, ஒருவரும் பேசாத படியொன்று உண்டு. கணவன் உயிரோடு இருக்கிறான், எங்கே என்றும் தெரியும், ஆனால் வரமாட்டான். தமிழ்நாட்டில் வேறு குடும்பம், அல்லது கொழும்பில் வேறு வாழ்க்கை. இவளுக்குச் சான்றிதழும் இல்லை, உதவித் திட்டத்தில் இடமும் இல்லை, அனுதாபமும் இல்லை.

கலா எந்தப் படி? கணவன் சாகவில்லை. காணாமற் போகவுமில்லை. இன்னொரு பெண்ணுக்காகவும் போகவில்லை. நாட்டுக்காகப் போனார். அப்படிப் போனவரைக் குறை சொல்ல மனைவிக்கு வாயில்லை. சொன்னால் ஊர் அவளைத்தான் பேசும். எங்கள் கூட்டத்தில் அந்தப் படியில் நின்ற பெண்கள் மூன்று பேராவது இருந்தார்கள். அன்று முதல்தடவையாக அவர்களில் ஒருத்தி, "கலா அக்காட நிலைமைதான் எனக்கும்" என்று ஒரு வெளிநாட்டுப் பாடகியின் தாயைச் சொந்தக்காரி போலச் சொல்லித் தன் கதையைத் தொடங்கினாள். பத்து வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறவள். அதுவரை அவள் சேமிப்புப் புத்தகத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

படத்தில் வளர்ந்த பிள்ளைகள் தகப்பனைப் பற்றித் தமக்குள் வாதிடும் இடம் ஒன்று உண்டு. மனக்கசப்பும் இருக்கிறது. மாயாவோ, அவர் இப்படி இருந்ததால்தான் எங்களுக்கென்று ஒரு கதை கிடைத்தது என்கிற மாதிரிப் பேசுகிறார். நான் பல வீடுகளில் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரே தகப்பனை மூத்த பிள்ளை வீரன் என்னும், அடுத்தது விட்டுட்டுப் போனவர் என்னும், கடைசிப் பிள்ளை ஒன்றுமே சொல்லாது. தாய் மூன்றையும் கேட்டுக்கொண்டு சோறு போடுவாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'வெளிநாட்டில்' என்று சொல்லி வைத்தால் பிள்ளை ஒருநாள் முகநூலில் தேடத் தொடங்கும். அப்போது பொய் சொன்னவள் தாய் என்றாகிவிடும்.

அருளர் 2019 இன் இறுதியில் காலமானார். மகளுக்கு அவரோடு பேசி முடிக்கவாவது சந்தர்ப்பம் இருந்தது.

கலா என்ன செய்து பிள்ளைகளை வளர்த்தார் என்று கேட்டார்கள். தையல் என்றேன். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வாசகியருக்கு அந்தச் சிரிப்பு விளங்கும். போர் முடிந்த பின் எங்கள் பக்கத்துக்கு வந்த உதவித் திட்டங்களில் தையல் இயந்திரம் இல்லாத திட்டம் எது? விதவையா, தையல் இயந்திரம். கணவனைக் காணவில்லையா, தையல் இயந்திரம். முன்னாள் போராளியா, ஆறு மாதப் பயிற்சியும் தையல் இயந்திரமும். ஒரே தெருவில் பன்னிரண்டு இயந்திரம் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? மன்னார்க் கடைத்தெருவில் ஆயத்த ஆடை மலிந்து கிடக்கிறது. உப்புக்காற்றில் இயந்திரம் துருப்பிடிக்கிறது. சில வீடுகளில் அது மேசையாகிவிட்டது. மேலே மாதா சுருவமும் மெழுகுதிரியும்.

கலாவின் தையல் அப்படியல்ல. அதற்குக் கூலி கொடுக்க ஆள் இருந்தது. 2019 இல் மாயாவுக்குப் பிரித்தானிய அரச விருது அறிவிக்கப்பட்டபோது அவரே ஒரு செய்தியைச் சொன்னார். அந்த மாதிரி அரச பதக்கங்களின் துணிப்பட்டியைக் கையால் தைக்கும் வேலையைத்தான் அவரது தாய் நெடுங்காலம் செய்துவந்திருக்கிறார். யார் யாருடைய நெஞ்சிலோ குத்தும் பதக்கத்துக்குத் தாய் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, கடைசியில் ஒன்று மகளுக்கு வந்தது. இயந்திரம் மட்டும் கலாவை நிமிர்த்தவில்லை. தலைக்கு மேல் அரசாங்கம் கொடுத்த கூரை, பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு, வேலைக்குக் கூலி. இவை மூன்றும் சேர்ந்துதான் நிமிர்த்தின. உதவித் திட்டம் எழுதுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் நல்லது.

பிறகு 2009 வந்தது. படத்திலும் வந்தது.

அந்த வருடம் பெப்ரவரி 8 ஆம் திகதி அமெரிக்காவில் கிரமி இசை விருது விழா. மாயா நிறைமாதம். அன்றுதான் வைத்தியர் குறித்த திகதியும். கறுப்பு வெள்ளை மெல்லிய உடையில், பெரிய வயிற்றோடு, நான்கு ஆண் பாடகர்களுக்கு நடுவில் மேடையில் ஆடிப் பாடினார். மூன்று நாளில் மகன் பிறந்தான். அதே வருடம் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாடலுக்காக ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். புகழின் உச்சம் அது.

"நிறைமாதக்காரி இப்படிக் குதிக்கலாமா?" என்றார் ஒரு ஆச்சி.

பின்வரிசையில் இருந்த பெண் சொன்னாள்: "நாங்கள் குதிச்சனாங்கள்தானே ஆச்சி. பங்கருக்குள்ள."

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து 2007, 2008 இல் சண்டை நகர நகர வன்னிக்குள் இழுபட்டுப் போனவள் அவள். பிறகு செட்டிகுளம் முகாம். இப்போது இங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்தப் பெப்ரவரியின் முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது திரும்பத் திரும்ப செல் விழுந்து, நோயாளரை அங்கிருந்து அகற்ற வேண்டி வந்தது. அவளுடைய மூத்தவன் பிறந்ததும் அந்த மாதத்தில்தான், ஒரு தறப்பாள் கொட்டிலில். அவனுக்கும் அந்தப் பாடகியின் மகனுக்கும் ஒரே வயது என்பதைத் தானே விரல்விட்டுப் பார்த்து, "ஒரே மாதம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொறாமையோ புலம்பலோ அதில் இல்லை.

அந்த மாதங்களில் மாயா அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வன்னியைப் பற்றிப் பேசினார். படத்தில் அந்தத் துண்டுகள் வருகின்றன. பில் மாஹர் என்ற பிரபல நிகழ்ச்சித் தொகுப்பாளர், இவர் சொல்லும் விடயத்தை விட்டுவிட்டு இவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கேட்கிறார். சனம் சாகுது என்கிறாள் ஒருத்தி. நீ ஏன் லண்டன் தெருப்பாசை பேசுகிறாய் என்கிறார் அவர். மொழிபெயர்க்கச் சிரமப்பட்டேன். ஆனால் அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அலுவலகங்களில் இதே மாதிரிப் பதில் வாங்கியவர்கள் அவர்கள்.

2010 இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை மாயாவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அகதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த காளான் வாசனை சேர்த்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டார் என்று அதில் ஒரு குத்தல். அதாவது இவள் எங்கே ஏழைகளைப் பற்றிப் பேசுவது என்பது பொருள். அந்தப் பொரியலைக் கொண்டுவரச் செய்தது பத்திரிகையாளரே என்று காட்ட மாயா தன்னிடமிருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். ஒரு பொரியலுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. உதவிக்குப் பெயர் பதிய வருகிறவர்கள் முன்னால் தோட்டைக் கழற்றிவிட்டு நின்றவர்கள் அவர்கள். நல்ல சீலை உடுத்துப் போனால் "உங்களுக்கு வசதி இருக்குப் போல" என்று கேட்டுவிடுவார்கள். பழைய சீலையோடு போனால் புகைப்படம் எடுப்பார்கள். பாதிக்கப்பட்டவள் பாதிக்கப்பட்டவள் மாதிரியே இருக்கவேண்டும். அழவேண்டும், ஆனால் கத்தக்கூடாது. சிரித்தால் சந்தேகம். ஒருத்தி, "நானும் இனிப் போனில றெக்கோட் பண்ணிக்கொண்டுதான் கந்தோருக்குப் போவன்" என்றாள். நல்ல யோசனை என்றே நினைக்கிறேன்.

கூட்டம் வயிறு குலுங்கிச் சிரித்தது இன்னொரு இடத்தில். 2012 பெப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தாட்ட இறுதிப் போட்டியின் இடைவேளையில் மடோனாவோடு மேடையேறிய மாயா, கமெராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிவிட்டார். ஒரு கணம்தான். அதற்காக அந்த விளையாட்டுச் சங்கம் அவரிடம் கேட்ட நட்டஈடு கடைசியில் 1 கோடி 66 இலட்சம் டொலர் வரை போனது. 2014 இல் இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொண்டன.

"அந்த ஒரு விரலுக்கோ?" என்று ஆச்சி தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிய விரல் எது என்று பெட்டைகள் சொல்லிக்கொடுக்க, அவசரமாக மடக்கிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. மாயாவின் ஆரம்ப கால இசைத்தட்டு அட்டைகளில் புலி உருவங்களும் தாங்கிகளும் பல வண்ணத்தில் இருக்கும். லண்டனில் அது எதிர்ப்புக் கலை. எங்கள் மண்டபத்தில் அது வேறு. போர் நடந்த கடைசி வருடங்களில் தன் பிள்ளையை இயக்கம் பிடித்துக்கொண்டு போனதாகச் சொல்லும் தாய் ஒருவர் அந்தப் படங்கள் வந்த இடத்தில் எழும்பி வெளியே போய் நின்றார். இராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனின் தாய் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டு காற்றாலைப் பக்கம் பார்த்தபடி இருந்தார்கள். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் பல்லவியில் துவக்கு வெடிச் சத்தமும் காசுப்பெட்டிச் சத்தமும் வரும். குடிவரவாளரைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதைக் கேலி செய்யும் பாட்டு அது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளிலேயே அந்த வெடிச் சத்தத்தை மங்கலாக்கித்தான் ஒளிபரப்பினார்கள். பெட்டைகள் அதற்குத் தாளம் போட்டார்கள். தாய்மார் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன்.

1990 ஒக்டோபரில் இந்தத் தீவிலிருந்து எங்கள் முஸ்லிம் அயலவர் வெளியேற்றப்பட்டது அந்தப் படத்தில் இல்லை. ஒரு பாடகியின் படத்தில் எல்லாம் இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயமில்லைத்தான். ஆனால் ஈழத்துத் துயரம் என்று உலகத்துக்குக் காட்டப்படும் ஒரு படத்தை எருக்கலம்பிட்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது அந்த இடைவெளி உறுத்துகிறது. மாயாவின் பிற்காலப் பேச்சுகளில், குறிப்பாக 2020 இல் தடுப்பூசிக்கு எதிராகச் சொன்னவற்றில், எனக்குத் துளியும் உடன்பாடில்லை. 2022 இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'மாதா' என்றதும் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அவரை மன்னித்துவிட்டார்கள் என்பது வேறு விடயம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 700 மணித்தியாலம். இந்தத் தீவிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பியவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மறுபடியும் வள்ளம் ஏறியவர்களும் உண்டு. இவர்களிடம் என்ன படம் இருக்கிறது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பம் போய்விட்டது. இருக்கும் ஒரே படமும் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டது. அதைத்தான் போராட்டத்துக்கும் பிடிக்கிறார்கள், பூசைக்கும் வைக்கிறார்கள்.

படம் முடிந்து இரண்டு கிழமை கழித்து, முன்பு சொன்ன பதினெட்டு வயதுப் பிள்ளை என்னிடம் வந்தாள். தாயைத் தொலைபேசியில் வீடியோ எடுத்திருக்கிறாள். தகப்பன் என்ன பாட்டுக் கேட்பார், என்ன கறிக்கு விருப்பம், கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், கடைசியாக எங்கே கண்டது என்று கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்துக் கேட்டிருக்கிறாள். தாய் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். முகம் தெரியக்கூடாது. வேலை மினக்கெடக்கூடாது. முகநூலில் போடக்கூடாது, தான் போடச் சொல்லும் நாள் வரை.

ஆகவே அந்த வீடியோவில் இரண்டு கை மட்டும்தான் இருக்கிறது. மீனைக் கீறி, குடலை எடுத்து, உப்புத் தடவி, பக்கத்தில் அடுக்கும் கை. 22 நிமிடம். பதினெட்டாவது நிமிடம் வரை கை நிற்கவில்லை. அங்கே மகள் கேட்கும் கேள்வியை நான் இங்கே எழுதப் போவதில்லை. கை அரை நிமிடம் சும்மா இருக்கிறது. பிறகு அடுத்த மீனை எடுக்கிறது.